உளூவுக்கு ஆகும் தண்ணீர், குடிக்க ஆகுமா?

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



சூரா அல்வாகிஆவில் (56:68-70) அல்லாஹ் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறான். நாம் குடிக்கும் தண்ணீரை மேகத்திலிருந்து இறக்கியது நாமா, அவனா என்று கேட்கிறான். தான் நாடினால் அதை உவர்ப்பாக ஆக்கிவிட முடியும் என்றும் சொல்கிறான். அப்படியிருக்க நன்றி செலுத்த வேண்டாமா என்று நம்மையே கேட்டு அந்தப் பேச்சை முடிக்கிறான்.

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கத்தில் வாழும் நாம் இந்த வசனத்தைப் புரிந்துகொள்ள தஃப்ஸீரைத் தேடிப் போக வேண்டியதில்லை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று இத்தனை ஆறுகள் நம் கரையில்தான் கடலில் கலக்கின்றன. கரையோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய அடுக்காக உப்புத் தண்ணீரின் மேல் நிற்கிறது. அளவுக்கு மீறி மோட்டார் போட்டு இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வருகிறது. நேற்றுவரை இனித்த போர் இன்று உவர்க்கிறது. பூமிக்குள் தண்ணீர் வற்றிப் போய்விட்டால் ஓடும் நீரை யார் கொண்டுவருவார் என்று சூரா அல்முல்கின் கடைசி வசனம் கேட்பதும் நம்மைப் பார்த்துத்தான்.

சுத்தம் ஈமானில் பாதி என்ற நபிமொழியை (நூல்: முஸ்லிம்) நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அந்தச் சுத்தம் நம் உடலோடும் உடையோடும் நின்றுவிடுகிறதா, பக்கத்து வீட்டார் குடிக்கும் குடம் வரை போகிறதா? இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான்.

தூய்மை வேறு, பாதுகாப்பு வேறு

மக்தபில் படித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நிறம், மணம், சுவை மூன்றும் மாறாத தண்ணீர் உளூவுக்கு ஆகும். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத், அதாவது சுமார் இருநூறு லிட்டர் அளவுள்ள தண்ணீரில் அசுத்தம் விழுந்தாலும், இந்த மூன்றில் ஒன்று மாறாதவரை அது அசுத்தமாகாது. ஹனஃபி மத்ஹபில் பத்துக்குப் பத்து முழம் உள்ள ஹவுழுக்கு இதுபோன்ற சட்டம் உண்டு. இவை வணக்கத்தை நமக்கு எளிதாக்கும் சட்டங்கள்.

ஆனால் நம்மில் பலர் இந்தச் சட்டத்தைக் குடிக்கும் தண்ணீருக்கும் பொருத்திப் பார்த்துவிடுகிறோம். "தண்ணி தெளிவா இருக்கு, வாடை இல்ல, குடிக்கலாம்" என்கிறோம். இது சரியா?

ஒரு ஹதீஸைப் பாருங்கள். கடலில் பயணம் செய்யும் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தாங்கள் கொஞ்சம் நல்ல தண்ணீர்தான் எடுத்துச் செல்வதாகவும், அதில் உளூச் செய்தால் தாகத்தில் தவிக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லி, கடல் நீரில் உளூச் செய்யலாமா என்று கேட்டார். கடல் நீர் தூய்மைப்படுத்தக் கூடியது என்று நபியவர்கள் பதில் தந்தார்கள். (நூல்: அபூதாவூத், திர்மிதீ) கடலில் தொழில் செய்யும் குடும்பங்கள் நிறைந்த நம் ஊர்களுக்கு இது நெருக்கமான ஹதீஸ். கடல் நீரில் உளூ கூடும் என்று கேட்டதும் யாராவது அதை அள்ளிக் குடித்தார்களா? இல்லை. நல்ல தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டார்கள். உளூவுக்கு ஆகும் என்ற தீர்ப்பு குடிப்பதற்கான சான்றிதழ் ஆகாது என்பது இந்த ஹதீஸிலேயே இருக்கிறது.

காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைப் பரப்பும் கிருமிகள் தண்ணீரின் நிறத்தையும் மணத்தையும் சுவையையும் மாற்றுவதில்லை. 1854ஆம் ஆண்டு லண்டன் நகரில் பிராட் ஸ்ட்ரீட் என்ற தெருவைச் சுற்றிக் காலரா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே அடிபம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று கண்டறிந்தார். அந்தத் தண்ணீர் சுவையாக இருக்கிறது என்று தூரத்திலிருந்து ஆள் வைத்து எடுத்துக் குடித்தவர்களும் இருந்தார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில் ஒரு பழைய மலக்குழி கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தது.

நம் மண்ணுக்கு அடியில் நடப்பது

அந்த லண்டன் குழி நம் தெருவிலும் இருக்கிறது. கரையோர ஊர்களில் பல வீடுகளின் கழிவறைக்கு நாலைந்து உறை இறக்கி, அடியில் பூசாமல் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் மணலில் இறங்கிவிடுவதால் குழி நிறைவதே இல்லை. இருபது வருடமாகக் கழிவு எடுத்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. அவ்வளவும் எங்கே போயிற்று? மழைக்காலத்தில் நிலத்தடி நீர் சில அடி ஆழத்துக்கே ஏறி வந்துவிடும் ஊர்கள் இவை. சுற்றியுள்ள அடிபம்பும் கிணறும் இறைப்பது அந்த நீரைத்தான்.

தண்ணீர்த் துறைகளிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்தைக் கொண்டுவரும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். (நூல்: அபூதாவூத்) தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிக்கவும் தடை விதித்தார்கள். (நூல்: புகாரீ, முஸ்லிம்) வெளியே போய் அசுத்தம் செய்யாதவர்தான் நாம். ஆனால் வீட்டுக்குள் டைல்ஸ் போட்ட கழிவறையைக் கட்டி, அதன் கழிவை அண்டை வீட்டாரின் தண்ணீரில் இறக்கினால், அந்த எச்சரிக்கையிலிருந்து நாம் தப்பிவிட்டோம் என்று எப்படிச் சொல்ல முடியும்? தீங்கு செய்வதும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைப்பதும் கூடாது என்ற நபிமொழி (நூல்: இப்னு மாஜா) மண்ணுக்கு அடியிலும் பொருந்தும்.

நம் மாவட்டத்தை வெள்ளமும் புயலும் விடுவதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணை வெள்ளம். ஒவ்வொரு முறையும் வெள்ளம் தெருவுக்கு வரும்போது கழிவறைக் குழியும் சாக்கடையும் கிணறும் ஒரே நீராகிவிடுகின்றன. வெள்ளத்தில் தப்பிய பிள்ளை, அது வடிந்த பிறகு வயிற்றுப்போக்கில் படுத்துவிடுகிறது. எனவே வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, சுகாதாரப் பணியாளர் சொல்லும் அளவில் பிளீச்சிங் பவுடர் இடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

குழியில் மனிதரை இறக்காதீர்கள்

குழி நிறைந்தால் என்ன செய்கிறோம் என்பதும் தீனுடைய விஷயம்தான். செப்டிக் டேங்குக்குள் கண்ணுக்குத் தெரியாத விஷவாயு நிற்கிறது. இறங்கியவர் மயங்குகிறார், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறக்கிறார். தமிழ்நாட்டில் இது பலமுறை நடந்திருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இறக்கிவிட்ட வீட்டுக்காரருக்கும் சிறைத் தண்டனை உண்டு. சாக்கடைப் பணியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனிதர் அனைவரையும் கொன்றதைப் போன்றது என்று சூரா அல்மாயிதா (5:32) சொல்கிறது. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க ஓர் ஏழைத் தகப்பனைக் குழியில் இறக்கிவிட்டு, அந்த வீட்டில் உளூச் செய்து தொழுதால் அது என்ன தூய்மை? உரிமம் பெற்ற லாரியை அழையுங்கள். அது கழிவை இரவில் வாய்க்காலில் கொட்டுகிறதா, சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறதா என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் பொறுப்பு.

கொதிக்க வைத்தாலும் போகாதது

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் ரசாயனமும் போகாது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி உப்பனாற்றங்கரையில் வாழும் மக்கள் இதைப் பல ஆண்டுகளாக அனுபவித்து வருகிறார்கள். அங்கே நிலத்தடி நீர் மாசுபட்ட விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. மனிதர்களின் கைகள் சம்பாதித்தவற்றால் கரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டது என்று சூரா அர்ரூம் (30:41) கூறுவதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

இப்படிப்பட்ட இடங்களில் தனி ஒரு வீட்டார் ஃபில்டர் வாங்கிக்கொண்டு ஒதுங்குவது தீர்வாகாது. ஜமாஅத்தாகச் சேர்ந்து குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவைக் கிராம சபையில் வையுங்கள். அண்டை ஊர்களில் வாழும் எல்லாச் சமயத்தாரோடும் சேர்ந்து நல்ல குடிநீர் கேளுங்கள்.

வீட்டுக்குள் நான்கு சுன்னத்துகள்

ஒன்று, மூடி வைப்பது. இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும், தோல்பைகளின் வாயைக் கட்டிவைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். (நூல்: முஸ்லிம்) இன்று அது குடத்துக்கும், மாடியில் உள்ள தொட்டிக்கும், கீழே உள்ள சம்ப்புக்கும் பொருந்தும். மூடாத தொட்டியில் டெங்கு கொசுவும் முட்டையிடும்.

இரண்டு, கையை விடாதிருப்பது. தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துக்குள் விட வேண்டாம், இரவில் அது எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது என்று சொல்லித் தந்தார்கள். (நூல்: புகாரீ, முஸ்லிம்) குழாயில் நல்ல தண்ணீர் வந்தாலும், டம்ளரைக் கையோடு குடத்துக்குள் முக்கினால் அது கெட்டுவிடுகிறது. நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியோ, குழாய் வைத்த பாத்திரமோ போதும்.

மூன்று, கை கழுவுவது. கழிவறைக்குப் போய் வந்த பிறகும், பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சமைப்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நபியவர்கள் மலஜலம் கழித்த பிறகு கையை மண்ணில் தேய்த்துக் கழுவியதாக ஹதீஸ் இருக்கிறது. அன்று மண், இன்று சோப்பு.

நான்கு, வீணாக்காதிருப்பது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்வார்கள். (நூல்: புகாரீ, முஸ்லிம்) அது ஒரு லிட்டருக்கும் குறைவு. உங்கள் குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்து உளூச் செய்து பாருங்கள்; எவ்வளவு நிறைகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலை தட்டி அளந்து, கரைத்துக் கொடுங்கள். சோர்ந்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தண்ணீர் நம் தனிச்சொத்து அல்ல

2022ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 220 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. நம் லால்பேட்டையை ஒட்டி நிற்கும் வீராணம் ஏரி, சோழர் காலத்தில் வெட்டப்பட்டது. 2004 முதல் சுமார் 235 கிலோமீட்டர் குழாய் வழியாக அதன் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. நம் ஏரியின் நீரை முகம் தெரியாத யாரோ குடிக்கிறார்கள். தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற நபிமொழி (நூல்: அபூதாவூத்) இதைத்தான் சொல்கிறது.

மதீனாவில் ரூமா கிணற்றின் தண்ணீர் காசுக்கு விற்கப்பட்டது. உஸ்மான் (ரலி) அவர்கள் அதை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். இறந்துபோன தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தண்ணீர் என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். (நூல்: அபூதாவூத், நஸாயீ) தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கே மன்னிப்புக் கிடைத்தது என்றால், தாகித்த மனிதருக்குக் கொடுப்பதன் கூலி எவ்வளவு!

சுனாமி அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் சுற்றுவட்ட மீனவக் கிராம மக்களுக்கு, இன்ன சமயம் என்று பார்க்காமல், உணவும் தங்க இடமும் கொடுத்தார்கள். அந்த மனம் நமக்கு உண்டு. பேரிடர் நாளில் காட்டிய அதே மனதைச் சாதாரண நாளில் தண்ணீரிலும் காட்ட வேண்டும்.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் கழிவறைக் குழிக்கும் அருகில் உள்ள கிணறு, போருக்கும் எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். அறுபது அடிக்குக் குறைவாக இருந்தால் அந்த நீரைக் குடிக்காதீர்கள், அண்டை வீட்டாரிடமும் சொல்லுங்கள். புதிதாகக் கட்டுபவர் குழியின் அடியையும் பூசுங்கள். தொட்டியைக் கழுவி மூடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் உளூத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தோட்டத்துக்குத் திருப்பலாம். மழைநீரைப் பூமிக்குள் இறக்கலாம். பரிசோதித்த குடிநீருக்கு வெளிச்சுவரில் ஒரு குழாய் வைத்து, வழியில் போகும் எவரும் குடிக்கச் செய்யலாம். சதகா ஜாரியா செய்ய நினைப்பவருக்கு, வசதியில்லாத ஒரு வீட்டுக்குச் சரியான கழிவறை கட்டிக்கொடுப்பதும் நல்ல வழி. இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் ஒரு பெண்ணின் துஆ உங்களுக்குக் கிடைக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் ஆறுகளையும் கிணறுகளையும் உவர்ப்பாக்கி விடாதே. எங்கள் கைகளால் பிறருக்குத் தீங்கு வருவதிலிருந்து எங்களைக் காப்பாயாக. எங்கள் பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டாரின் பிள்ளைகளுக்கும் நல்ல தண்ணீரையும் ஆரோக்கியத்தையும் தருவாயாக. உள்ளும் புறமும் தூய்மையை நேசிப்போரில் எங்களைச் சேர்ப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.