நினைவகத்திற்கு ஒரு பூட்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. மின்னணுவியல்)

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஓர் ஒலிநாடா இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத என் தாத்தாவின் குரல் அதில் பதிவாகியுள்ளது. பதிவு முடிந்ததும் அதன் பின்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகளை அப்பா ஒடித்துவிட்டாராம். துண்டு இல்லையெனில் டேப் ரிக்கார்டரின் பதிவுப் பொத்தான் அழுந்தாது. அக்குரல் அழியாதிருப்பது அதனால்தான். நினைவகச் சில்லுகளுக்கும் இத்தகைய பூட்டு உண்டு. அதனை இயக்கி நிரல் கையாளும் முறையை இங்குக் காண்போம்.

24சி02 என்பது 256 பைட் கொள்ளும், மின்சாரம் நின்றாலும் மறவாத சில்லு. அதன் எட்டு முனைகளுள் ஏழாவது எழுத்துத் தடை முனையாகும். அதில் மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் படிக்கலாம்; எழுத இயலாது. தாழ்ந்தால் எழுதலாம்.

சென்ற பருவத்தில் ஒரு வெப்பமானியின் திருத்த எண்களை இச்சில்லில் வைத்திருந்தோம். எளிதாக இருக்கட்டுமென்று அம்முனையை நான் தரையோடு இணைத்துவிட்டேன். நிரலில் ஒரு முகவரி தவறியது. நண்பர்கள் இரண்டு நாள் அளந்த எண்கள் நொடியில் அழிந்தன. நிரலில் நான் வைத்திருந்த தடை உதவவில்லை; பிழையும் அதே நிரலில்தானே இருந்தது!

முறையாகச் செய்வதாயின், அம்முனையை ஒரு மின்தடை வழியே உயர் மின்னழுத்தத்தோடு இணைக்க வேண்டும். அப்போது கருவி தொடங்கும்போதே பூட்டு விழுந்திருக்கும். எழுதும் நேரத்தில் மட்டும் இயக்கி முனையைத் தாழ்த்த வேண்டும். எழுதுவதில் தவறு நேர்ந்தாலும், முடிந்தவுடன் மீண்டும் உயர்த்திவிட வேண்டும். லினக்ஸில் 2020 முதல் நினைவகங்களுக்கான பொதுப் பகுதியே இப்பணியைச் செய்கிறது. பலகையின் விவரக் கோப்பில் முனையைக் குறித்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். சில சில்லுகள் பூட்டியிருக்கும்போதும் தரவைப் பெற்றுக்கொண்டதாக விடையளித்துவிட்டு, எழுதாமல் விடும். ஆகவே எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடுக. அடுத்து, எஸ்.பி.ஐ. பிளாஷ் வகையில் நிலைமை தலைகீழ்; முனை தாழ்ந்திருப்பதே தடை. அதுவும், நிலைப் பதிவேட்டின் உரிய பிட் 1 ஆக இருந்தால்தான் அத்தடை செயற்படும். அப்போது காப்புப் பகுதியை மாற்ற எந்நிரலாலும் இயலாது.

அழிந்த எண்களை மறுபடி அளந்துவிட்டோம். தாத்தாவின் குரலை அப்படி மறுபடி பதிய முடியாது. எனவே நண்பர்களே, முதலில் பூட்டை அமைப்போம்; பிறகு எழுதத் தொடங்குவோம்.