மூச்சு வாங்குதா? முடங்கிவிடாதீர்கள்!

சிஓபிடி போன்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களை, "அசையாம உட்காருங்க" என்று வீட்டார் அன்பாலேயே முடக்கிவிடுகிறார்கள். அது தவறு. நடக்காத கால்களில் தசை மெலியும். மெலிந்த தசையோடு நாலு எட்டு வைத்தாலே இன்னும் இரைக்கும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி இதைத்தான் மாற்றுகிறது. கெட்டுப்போன நுரையீரலை அது சரிசெய்யாது. அதே நுரையீரலோடு கூடுதல் தூரம் நடக்க வைக்கும். பொதுவாக 6 முதல் 12 வாரங்கள், வாரம் 2 அல்லது 3 நாள். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்பதை முதலில் அளப்பார்கள்.

வீட்டில் செய்ய:

● மூக்கால் 2 எண்ணும்வரை மூச்சை இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை விடுங்கள். ஊதித் தள்ள வேண்டாம்.

● மாடிப்படியில் நின்றபடி மூச்சை இழுங்கள். விடும்போது ஒன்றிரண்டு படி ஏறுங்கள். பலரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென ஏறப் பார்க்கிறார்கள், பாதியில் திணறுவது அதனால்தான். கைப்பிடியைப் பிடிக்க வெட்கமே வேண்டாம்.

● ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். கையைத் தூக்கித் துவட்டுவதும் இரைக்கும். பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டால் போதும்.

● நடக்கும்போது லேசாக இரைக்கலாம். பேச்சே வராவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தாலோ, உதட்டில் நீலம் தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, அடுத்த முறை டாக்டரிடம் மருந்துச் சீட்டோடு மட்டும் திரும்பாமல், "நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் எழுதித் தாங்க" என்று கேளுங்கள்.