முப்பது ஆண்டுக் கணக்கு

1950ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் பல, மலாயாவில் இருந்த தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் பல. இந்நிலையில் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திச் சேர்ந்தனர். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் துண்டாடப்படாமல் வாங்கப்பெற்றது.

வாங்குவதோடு வேலை முடிவதில்லை. ரப்பர் கன்று பால் தர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். பின்னர் இருபத்து நான்கு, இருபத்தைந்து ஆண்டுகள் பலன் தரும். எல்லா மரங்களும் ஒரே வயதினவாயின், ஒரே காலத்தில் முதிர்ந்து வருமானம் நின்றுவிடும். ஆகவே முந்நூறு ஏக்கர் தோட்டமொன்றில் ஆண்டுதோறும் பத்து ஏக்கர் மறுநடவு செய்வதாகக் கொள்வோம். எந்த ஆண்டிலும் அறுபது ஏக்கர் இளமரமாக நிற்கும். இருநூற்று நாற்பது ஏக்கர் பால் தந்துகொண்டிருக்கும்.

கணக்கு எளிது, கடைப்பிடிப்பதுதான் அரிது. விலை ஏறியிருக்கும்போது பால் தரும் மரத்தைச் சாய்க்க எவருக்கும் மனம் வருவதில்லை. விலை இறங்கிய பின்னரோ, நடுவதற்குப் பணம் இருப்பதில்லை. நல்ல விலைக் காலத்து இலாபத்தில் ஒரு பகுதியை மறுநடவுக்கென முன்னரே ஒதுக்குவதன் காரணம் இதுவே.

கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நாம் இலாப ஈவு எவ்வளவு என்று கேட்கிறோம். சென்ற ஆண்டு எத்தனை ஏக்கர் மறுநடவாயிற்று என்றும் கேட்கலாம்.