லாரி டேங்க்ல டீசல் திருட்டு: நஷ்டம் முழுக்க உங்க பாக்கெட்டிலிருந்துதான்!

நாமக்கல், சங்ககிரி பக்கம் ஒண்ணு ரெண்டு லாரி வச்சு ஓட்டுற ஓனர்களுக்கான பதிவு இது.

ராத்திரி ரோட்டோரம் நிறுத்தின வண்டியில ஒரு தடவைக்கு 20 லிட்டர் டீசல் போகுதுன்னு வைங்க. மாசம் 4 தடவைன்னா 80 லிட்டர். லிட்டர் 92 ரூபாய்னு எடுத்தா மாசம் 7,360 ரூபாய், வருஷத்துக்கு 88,320 ரூபாய்!

இந்தப் பணம் ஏன் திரும்பி வராது?

1. இன்சூரன்ஸ்: மோட்டார் பாலிசி பொதுவா வண்டியையும் அதோட ஆக்சஸரியையும்தான் கவர் பண்ணும். டேங்க்ல இருக்கிற டீசல் அதுல வராது. டேங்க்கை உடைச்சிருந்தா அந்தச் சேதத்துக்கு கிளெய்ம் கேட்கலாம். ஆனா 20 முதல் 50 சதவீதம் வரையான நோ கிளெய்ம் போனஸ் போயிடும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

2. ஜிஎஸ்டி: டீசல் ஜிஎஸ்டிக்குள்ள இல்ல. அதனால இன்புட் கிரெடிட் கிடையாது.

3. வருமான வரி: 10 வண்டி வரை வச்சிருக்கிறவங்க பிரிசம்ப்டிவ் முறையில கணக்குக் காட்டலாம். கனரக வண்டின்னா மொத்த எடையில டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் லாபம்னு எடுத்துப்பாங்க. டீசல் செலவைத் தனியா கழிக்க முடியாது. திருடு போனாலும் வரி அதேதான்.

முதல்ல அளந்து பாருங்க

ஃபுல் டேங்க் போட்டு கிலோமீட்டரைக் குறிச்சுக்கோங்க. அடுத்த தடவை திரும்ப ஃபுல் பண்ணுங்க. 4 கிலோமீட்டர் மைலேஜ் தர்ற வண்டி 1,200 கிலோமீட்டர் ஓடினா 300 லிட்டர் பிடிக்கணும். 320 பிடிச்சா 20 லிட்டர் எங்க போச்சு? லோடு, டயர் காத்து, லீக் எல்லாத்தையும் செக் பண்ணுங்க. அதுக்கு முன்னாடியே டிரைவர் அண்ணன் மேல பழி போடாதீங்க. நல்ல டிரைவரை இழக்கிறது டீசலை விடப் பெரிய நஷ்டம்.

என்ன செய்யலாம்?

பூட்டுற மூடி போடுங்க. டேங்க் வாய்க்குள்ள ஆன்டி சைஃபன் மாட்டினா டீசல் உள்ள போகும், திருடனோட டியூப் போகாது. ஆனா அடியில இருக்கிற டிரெயின் போல்ட் வழியாவும் எடுப்பாங்க, அதுக்கும் பாதுகாப்பு வேணும். முடிஞ்சவரை வெளிச்சமான இடத்துல, டேங்க் பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்க.

இதைச் செய்யவே கூடாது

- வண்டியில இருக்கிற டேங்க் மேல வெல்டிங் வேண்டாம். காலி டேங்க்தானேன்னு நினைக்காதீங்க. உள்ள ஒட்டியிருக்கிற டீசல் சூட்டுல ஆவியாகி, காத்தோட கலந்து வெடிக்கும். கம்பி கூண்டு வேணும்னா போல்ட்ல மாட்டுற மாதிரி, தனியா செஞ்சு எடுத்து வந்து பொருத்துங்க.
- டேங்க்குக்குக் காத்து போற துளையை அடைக்காதீங்க. உள்ள வெற்றிடம் உண்டாகி இன்ஜினுக்கு டீசல் வராம, ஓடுற வண்டி நடுரோட்டுல நின்னுடும்.
- டேங்க்ல கரன்ட் வைக்கிற வேலையே கூடாது. உயிர் போனா கேஸ் உங்க மேலதான்.
- ராத்திரி சத்தம் கேட்டா டிரைவர் தனியா இறங்க வேண்டாம். கேபினைப் பூட்டிட்டு, ஹாரன் அடிச்சு, 112க்கு போன் பண்ணட்டும்.

அடுத்த டிரிப்லேயே ஃபுல் டேங்க் கணக்கை ஆரம்பிங்க. மூணு டிரிப் குறிச்சாலே ஓட்டை எங்கன்னு பிடிபட ஆரம்பிச்சிடும்.