தூரம் கூடினால் நேரமும் கூடுமா?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்பது பள்ளியில் படித்த கணக்கு. அதை அப்படியே ஆகாயத்துக்கும் பொருத்தி, தூரம் குறைந்த வழியே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்புகிறோம். ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் முன்பு மேற்கே, அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் அது கிழக்கே திரும்பி, பசிபிக் கடல் மீது சுமார் 15,300 கி.மீ. பறந்தது. தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினான்கரை மணி ஆனது. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 1,050 கி.மீ. வருகிறது. காற்றினூடே அந்த போயிங் 777 போகக்கூடிய வேகம் ஏறத்தாழ 900 தான். மிச்சத்தைக் கொடுத்தது பின்னாலிருந்து தள்ளிய காற்று.

பத்துக் கிலோமீட்டர் உயரத்தையொட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஓடுகிறது ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் அதன் வேகம் சில இடங்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். 2020 பிப்ரவரியில் புயலோடு சேர்ந்து அது வலுத்தபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. எதிர்த்திசையில் அதே தூரத்துக்கு எட்டு மணி நேரம்கூட ஆகும். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே பறந்தால் ஊர் தானாக எதிரே வந்துவிடும் என்று வாதிடுபவர்கள் உண்டு. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. காற்றும் அதனுடன் சேர்ந்து சுழலாவிட்டால், அங்கே கிழக்கே போகும் எந்தப் பயணிகள் விமானமும் தன் ஊரை எட்டிப் பிடிக்கவே முடியாது. பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெப்ப வேறுபாட்டால் நகரும் காற்றைக் கிழக்கே வளைத்து ஜெட் காற்றோட்டமாக்குவது அந்தச் சுழற்சிதான். ஆக, அதனால் லாபம் அடைவது கிழக்கே போகிறவர். நம்பிக்கை சொல்வதற்கு நேர் எதிர்.

அட்லாண்டிக், பசிபிக் வழிகள் இரண்டையும் விடக் குறுகிய வழி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. உருண்டையின் மேல் நூல் பிடித்தால் டெல்லியிலிருந்து வடக்கே ஏறி, ஆர்க்டிக்கைத் தொட்டு இறங்கும் சுமார் 12,400 கி.மீ. பாதை அது. ஆனால் அது திபெத் பீடபூமியைக் கடக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு உடனே இறங்க வேண்டும். அங்கே தரையே அந்த உயரத்துக்கு மேல் நிற்கிறது. வரைபடம் மட்டுமல்ல, கடிகாரமும் நம்மைக் குழப்பும். டெல்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி பதினான்கரை மணி பறந்தால், அமெரிக்கக் கோடைக்கால நேரப்படி சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை 6 மணிதான். டிக்கெட் எடுக்கும்போது வரைபடத்தையும் கடிகாரத்தையும் நம்ப வேண்டாம்; போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனித்தனியே பாருங்கள்.