சேனையும் சீம்பாலும்

முதன்முதலில் சேனை தொட்டு வைப்பவரின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்று புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நம்புகிறார்கள். அதற்காகவே உறவில் நல்ல மனசுக்காரராகத் தேடிப் பிடித்து, சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ பிள்ளையின் நாக்கில் தடவச் சொல்வார்கள். அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களை அவை பொதுவாக ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நச்சைச் சுரந்து, தசைகளையே தளரச் செய்துவிடும். ஒரு வயது நிறையும்வரை தேன் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த நாக்குக்குப் போய்ச்சேர வேண்டியது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருப்பதால் அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டும் வீடுகள் இன்னும் உண்டு. நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிந்து நிற்பது அதில்தான். முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். அது தெரியாமல் ‘பால் ஊறவில்லை’ என்று பாலாடையைத் தேடுகிறார்கள். தெருவில் கழுதையை ஓட்டி வருபவரிடம் ஒரு சங்குப் பால் வாங்கிப் புகட்டுகிறார்கள். காய்ச்சாத அந்தப் பாலில் கிருமி இருக்கலாம். கழுதைப்பால் மஞ்சள் காமாலையைத் தீர்க்கும் என்ற நம்பிக்கைக்குச் சான்று எதுவும் இல்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். ஆகவே குழந்தைக்கான முதல் சோதனை செவிலியர் கண்முன்னேயே நடந்துவிடுகிறது. இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் ஒன்றாம் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் மதிப்பெண் போடுகிறார்கள். 1953இல் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட முறை இது. ஏழோ அதற்கு மேலோ வந்தால் கவலையில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. நோயல்லாததற்கு வைத்தியம் நடக்கிறது, நோய் கண்ணில் படாமல் போகிறது.

பிள்ளையின் மார்பு சற்று வீங்கி, அழுத்தினால் பால்போல் கசியும். தாயின் ஹார்மோன் குழந்தையின் உடம்பில் மிச்சமிருப்பதால் வருவது. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அதைப் ‘பிதுக்கி எடுக்க’ வேண்டும் என்று பாட்டிமார் விரலால் நசுக்கும்போதுதான் சீழ்க்கட்டி உண்டாகிறது. பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் துளி ரத்தம் படுவதற்கும் அதே ஹார்மோன்தான் காரணம். முதல் சில நாளில் எடை 10 சதவீதம்வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீள்வதும் இயல்பே.

தொப்புள்கொடிக்கு மஞ்சளோ சாம்பலோ எண்ணெயோ வேண்டாம். காய விட்டால் தானாக உதிரும். மூக்கில் எண்ணெய் விடுவதும் சளி எடுக்க வாயால் ஊதுவதும் அதைவிட மோசம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

குளிப்பாட்டும் அவசரமும் வேண்டாம், 24 மணி நேரமாவது பொறுக்கலாம். மேலே படிந்திருக்கும் வெண்ணிறப் பூச்சு தோலைக் காக்கிறது. குழந்தைக்குக் குளிர்கிறதா என்று பார்க்கப் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டாலே போதும். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால், தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி அணைத்துப் போர்த்த வேண்டும்.

‘சாதுவான பிள்ளை, பாலுக்கே அழுவதில்லை’ என்று பெருமைப்படுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எழுப்பினாலும் பால் இழுக்காத குழந்தைக்குக் கிருமித்தொற்று இருக்கலாம். மஞ்சள் காமாலை பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்து போவதுதான். ஆனால் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால்வரை பரவினாலோ காலை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினாலும், மார்புக்கூடு உள்வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தாலும், விடியட்டும் என்று பார்க்காமல் 108க்கு அழைக்க வேண்டும்.