கூட்டு ஒப்பந்தமும் வேலைப் பாதுகாப்பும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் செனாவாங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. இன்று அங்கே தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. தோட்டங்களில் மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர். 1998ஆம் ஆண்டு சிப்பாங்கில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமும் பலருக்கு வேலை தந்துள்ளது. பயணப் பெட்டிகளை ஏற்றி இறக்குவோர், விமானத்தைத் துப்புரவு செய்வோர், முகப்பில் பயணிகளைப் பதிவு செய்வோர் முதலியோரைத் தரைப் பணியாளர்கள் என்கிறோம். வேலை மாறிவிட்டது. ஆனால், "நாளைக்கும் இந்த வேலை இருக்குமா?" என்ற கவலை மாறவில்லை.

தோட்டத்தில் இந்தக் கவலை இரு மடங்காக இருந்தது. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. வேலை நடக்காத நாளில் கூலி குறையும். வேலையே போய்விட்டால் குடும்பம் குடியிருந்த லயத்து வீடும் கையைவிட்டுப் போகும். தனியொருவர் நிர்வாகியிடம் முறையிட்டுப் பெறக்கூடியது மிகக் குறைவு. இதை உணர்ந்த தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து, 1954ஆம் ஆண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தன. அதன் பொதுச் செயலாளராக விளங்கிய பி.பி. நாராயணன் 1962ஆம் ஆண்டு ரமோன் மகசேசே விருதைப் பெற்றார். தோட்ட முதலாளிகளின் சங்கத்தோடு பேச்சு நடத்தி, கூலியையும் வேலை நிபந்தனைகளையும் எழுத்தில் பதியச் செய்வதே இச்சங்கத்தின் முதன்மைப் பணியாக இருந்தது. நாட்கூலிக்குப் பதிலாக மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் பேச்சு மேசையில் இருந்தது.

இவ்வாறு எழுத்தில் பதியப்படுவதே கூட்டு ஒப்பந்தம் ஆகும். 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம் இதற்கான வழிமுறையை வகுத்துள்ளது. முதலாளியின் அங்கீகாரம் பெற்ற சங்கம் பேச்சுக்கு அழைப்பு விடுத்தால், முதலாளி 14 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அழைப்பு ஏற்கப்பட்டால், அந்தப் பதில் கிடைத்த 30 நாள்களுக்குள் பேச்சு தொடங்க வேண்டும். பேச்சு முறிந்தால் தொழிலியல் உறவுத் துறை சமரசம் செய்ய முயலும். அதுவும் பயன் தராவிட்டால் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்திற்குச் செல்லலாம். ஒப்பந்தம் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு நடப்பில் இருக்க வேண்டும். நீதிமன்றம் அதனை ஏற்றுப் பதிவு செய்தபின், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

எனினும், எல்லாவற்றையும் பேச்சு மேசைக்குக் கொண்டுவர இச்சட்டம் இடமளிக்கவில்லை. பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு, பணிநீக்கம், வேலை ஒதுக்கீடு ஆகியவை முதலாளியின் முடிவுக்கே விடப்பட்டுள்ளன. சங்கம் இவற்றைத் தன் ஒப்பந்தக் கோரிக்கையில் சேர்க்க இயலாது. இவற்றுள் சிலவற்றைப் பற்றிப் பொதுவான கேள்விகளை எழுப்பலாம் என்று 2021ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தம் கூறுகிறது. ஆகவே, சங்கத்தால் சம்பளத்தையும் விடுமுறையையும் உறுதிசெய்ய முடிகிற அளவுக்கு வேலையின் நிலைப்பை உறுதிசெய்ய முடிவதில்லை.

இதன் பொருளை 2015ஆம் ஆண்டு நாடே கண்டது. முந்திய ஆண்டில் இரண்டு விமானப் பேரிடர்களைச் சந்தித்த மலேசியா ஏர்லைன்ஸ் நிறுவனம் மறுசீரமைக்கப்பட்டது. ஏறக்குறைய 20,000 ஊழியர்களுக்கும் பணி முடிவுக் கடிதம் வழங்கப்பட்டது. அவர்களுள் ஏறக்குறைய 14,000 பேருக்குப் புதிய நிறுவனத்தில் வேலை அளிக்க முன்வந்தனர். ஏனைய 6,000 பேர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. நிறுவனம் நிலைக்க வேண்டும் என்பதும் உண்மை; மாதத் தவணை கட்டும் குடும்பங்கள் தத்தளித்தன என்பதும் உண்மை.

வேலை இழப்பைச் சட்டம் முற்றாகத் தடுக்காது. ஆனால் அதன் அடியைத் தணிக்கிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் பெறுவோர் ஆட்குறைப்புக்கு ஆளானால், அவர்களின் சேவைக் காலத்திற்கு ஏற்ப இழப்பீடு கிடைக்கும். சேவை 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ இருந்தால், ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் வழங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 7 ஆண்டுகள் உழைத்தவருக்கு 140 நாள் சம்பளம் கிடைக்கும். இது குறைந்த அளவே. கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிட அதிகமாகவும் பெறலாம். 2018ஆம் ஆண்டு தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டமும் சில மாதங்களுக்குப் பண உதவி தருகிறது. தகுந்த காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாள்களுக்குள் முறையிட வேண்டும். நாள் கடந்தால் உரிமையும் கடந்துவிடும்.

'ஊர் கூடித் தேர் இழு' என்பது நம் முன்னோர் வாக்கு. தேர் நகர்வதற்கு வடம் பிடிப்போரின் எண்ணிக்கை மட்டும் போதாது. செல்லும் பாதையும் தெரிந்திருக்க வேண்டும். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் கவனமாகப் படித்துப் பாதுகாக்கும் தொழிலாளியே தம் உரிமையை நிலைநாட்ட முடியும். நாளை வேலைக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

சிந்தித்து விடை தருக:

1. தோட்டத் தொழிலாளர்க்கு வேலை இழப்பு இரு மடங்கு கவலையைத் தந்தது ஏன்?
2. கூட்டு ஒப்பந்தத்தால் உறுதிசெய்யக் கூடியவை எவை? கூடாதவை எவை?
3. ஆட்குறைப்பு செய்யும் முன் நிறுவனம் தொழிற்சங்கத்தோடு கலந்து பேச வேண்டுமா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.